தஞ்சை வட்டாரத்தில் பித்தப்பை அழற்சி: நோயறிதலும் அறுவையும்

பித்தநீர் வெளியேறும் வழியைக் கல் அடைத்துக்கொள்ள, பித்தப்பை வீங்கிப் புண்ணாகி, முற்றினால் சீழ் பிடிப்பதே கடும் பித்தப்பை அழற்சி. காவிரிப் படுகையில் இந்நோய்க்கான அறுவை தாமதமாக வந்ததற்குக் கைத்திறக் குறைவு காரணம் எனச் சொல்ல முடியாது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்து ஆவணங்களே அதற்குச் சான்று. அவர் நிறுவிய தன்வந்திரி மகால் சார்ந்த கண் மருத்துவக் குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. ஒவ்வொரு நோயாளியின் நிலையும் செய்த சிகிச்சையும் அவற்றில் பதிவாகியுள்ளன. நோயுற்ற கண்களைத் தீட்டிய வண்ணப் படங்களின் நுணுக்கம் இன்றைய மருத்துவரையும் நிறுத்திப் பார்க்க வைக்கும். கண்புரை அறுவையில் மன்னரே கருவி பிடித்தாரா, அருகிருந்து மேற்பார்த்தாரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படியாயினும், கண்புரை வெளியே தெரியும். பித்தப்பையோ ஈரலின் அடியில் மறைந்திருக்கிறது. அதன் வலி குன்மம் என்ற வயிற்று நோயிலும், மஞ்சள் நிறம் காமாலையிலும் அடங்கிப்போயிருக்கக்கூடும். ஈதர் மயக்கமும் (1846) லிஸ்டரின் கிருமித் தடுப்பும் (1867) வந்த பிறகே வயிற்றைத் திறப்பது ஓரளவு துணியக்கூடியதாயிற்று. 1882இல் பெர்லினில் அறுவை மருத்துவர் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அந்த நோயாளி மறுநாளே சுருட்டுப் புகைத்தாராம்.

தஞ்சையில் இதற்குப் பிந்தைய காலத்துப் பித்தப்பை அறுவை பற்றிய செய்தி சொற்பம். அங்கு மருத்துவக் கல்லூரி 1959இல்தான் தொடங்கியது.

தென்னாட்டில் பித்தக்கல்லே அரிது, ஆகவே அறுவைக்குத் தேவை எழவில்லை என்பார் உண்டு. ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த மல்கோத்ரா (1968) வடக்கில் இந்நோய் பன்மடங்கு மிகுதி என்றார். ஆனால் அது வயிற்று ஸ்கேன் பரவாத காலம். தொல்லை தந்து மருத்துவமனைவரை வந்த கல்லே கணக்கில் ஏறியது. தெற்கில் நிறமிக்கற்கள் (பித்தநிறமியால் ஆன கற்கள்) மிகுதி என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. அரிசியும் புளியும் காரணமா என்பது முடிவாகவில்லை.

நோயை அறியும்போது, வலது விலாவின் கீழ் விரல்களை அழுத்தி மூச்சை உள்ளிழுக்கச் சொன்னால், வலியால் மூச்சு பாதியில் நின்றுவிடும். இது அறுவை மருத்துவர் மர்ஃபி கண்ட அடையாளம். இன்று ஸ்கேனில் கல்லும் தடித்த பைச்சுவரும் தெரிகின்றன. 1990இல் அறுவை மருத்துவர் உத்வாடியா மும்பையில் தொடங்கிய லேப்ராஸ்கோபி (சிறு துளை வழி) பித்தப்பை அறுவை இப்போது வழக்கமாகிவிட்டது. உறுப்புகள் செயலிழக்கும் அளவுக்கு முற்றியவர்களுக்கு முதலில் குழாய் வைத்துச் சீழை வடிப்பதா, உடனே அகற்றுவதா என்ற விவாதம் தொடர்கிறது. முதியோருக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலி குறைவாகவே தெரியலாம். மேல்வயிற்று வலி ஆறு மணி நேரம் தாண்டிக் காய்ச்சலும் சேர்ந்தால், வாயுத் தொல்லை என்று கஷாயம் குடித்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.