பட்டுநூல்காரர்

ஆரணியில் இருந்துகொண்டு 'பட்டுநூல்காரர்' என்று சொன்னால் அது யாரையும் பிரித்துக் காட்டாது. செங்குந்தர் வீட்டுத் தறியிலும் ஓடுவது பட்டுத்தான். ஆனாலும் பழைய குடிக்கணக்கில் இச்சொல் ஒரே சமூகத்தைச் சுட்டியது: மதுரை, கும்பகோணம், சேலம், வாலாஜாபேட்டை, ஆரணி என்று பரவியிருக்கும் சௌராஷ்டிரரை. கைக்கோளர், சாலியர் என உள்ளூர் நெசவாளருக்குப் பெயர் முன்பே இருந்தது. புரியாத மொழி பேசி வந்தவர்களுக்கு அவர்கள் கையிலிருந்த சரக்கே பெயராயிற்று. பட்டு, நூல், காரர் மூன்றும் நாம் பேசும் சொற்கள். வந்தவரைத் தமிழுக்குள் எடுத்துக்கொண்டதும், தனியே நிறுத்தியதும் இந்த ஒரே சொல்தான்.

இது வெறும் தொழிற்பெயர், இதில் இனம் எங்கே வந்தது என்று கேட்கலாம். மதுரைச் சுங்குடியைப் பாருங்கள். முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் அந்தக் கைவேலைக்குப் பேர்போனவர்கள் இவர்களே, சேலையோ பருத்தி. கை பருத்திக்குப் போன பிறகும் பெயரில் பட்டு நின்றதென்றால், அது தொழிலை மட்டும் சொன்ன பெயரல்ல. மத்திய இந்தியாவின் மந்தசோரில் கிடைத்த பழைய கல்வெட்டும் இதையே காட்டுகிறது. லாட நாட்டிலிருந்து (தென் குஜராத்) அங்கே குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் சிலர் வில்லையும் சோதிடத்தையும் கைக்கொண்டார்கள். ஆனாலும் கி.பி. 437இல் சூரியன் கோயிலைக் கட்டியதும் 473இல் புதுப்பித்ததும் பட்டு நெசவாளர் குழு என்ற பெயரில்தான். (அவர்களே நம் சௌராஷ்டிரரின் முன்னோர் என்பாரும் உண்டு. இடையில் கிடக்கும் ஆயிரம் ஆண்டை அவ்வளவு எளிதில் தாண்ட எனக்குத் துணிவில்லை.)

கொங்கணக் கரை யூதர்களுக்கும் பிறர் தொழிலை வைத்தே பெயரிட்டார்கள். மராத்தி பேசி, செக்காட்டி, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திய அவர்களை அக்கம்பக்கத்தார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டது பெனே இஸ்ரவேல், இஸ்ரவேலின் மக்கள். பம்பாய்க்குப் போய்ப் படையிலும் அலுவலகத்திலும் சேர்ந்தபின் செக்குப் பெயர் உதிர்ந்தது, மற்றது நின்றது. பிறர் இட்ட பெயர் தொழிலைப் பற்றிக்கொள்கிறது; தாமே சூடிய பெயர் மூலத்தை. சௌராஷ்டிரர் என்று பழைய நாட்டின் பெயரைப் பட்டுநூல்காரர் வலியுறுத்தியதும் அப்படித்தான்.

அந்தப் பெயரை விடாதவர் எப்படித் தமிழோடு கலந்தவராவார் என்பது அடுத்த கேள்வி. தமிழ் உச்சரிப்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் டி.எம். சௌந்தரராஜன் இச்சமூகத்தவர். தன் சமூகத்தின் தறி வாழ்க்கையை 'வேள்வித் தீ' நாவலில் எழுதிய எம்.வி. வெங்கட்ராம் அதைத் தமிழில்தான் எழுதினார். சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு, 2008இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. இருந்தும் தமிழ் எழுத்திலேயே எழுதுபவர்கள் உண்டு. தமிழில் இல்லாத ஒலி வரும்போது மட்டும் 'க' போன்ற எழுத்தின் தலையில் சின்னதாக ஓர் எண்ணை ஏற்றிவிடுகிறார்கள்.