பியானோவும் பன்னிரண்டு ஸ்வரங்களும்

1940-இல் அகில இந்திய வானொலி தன் நிகழ்ச்சிகளிலிருந்து ஹார்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை நிபந்தனைகளோடு தளர்ந்தது. அக்கருவியின்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று, அதன் பன்னிரண்டு ஸ்வரங்களும் மேனாட்டுச் சமச் சுருதியில் பூட்டப்பட்டவை என்பது. இதே வழக்கு பியானோவின் தாயகமாகிய ஐரோப்பாவிலும் நெடுங்காலம் நடந்தது.

வழக்கின் வேர் கணக்கில் இருக்கிறது. ஷட்ஜத்திலிருந்து 3:2 என்ற விகிதத்தில் பஞ்சமம், அதற்கொரு பஞ்சமம் எனப் பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு ஸ்தாயிகளுக்கு மேலே தொடங்கிய ஸ்வரத்தையே அடையவேண்டும். அடைவதில்லை, அரைச்சுரத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு மிஞ்சுகிறது. தம்பூராவில் இந்த மிச்சம் தலைகாட்டுவதே இல்லை. ஆதார ஷட்ஜத்தை அடிக்கடி மாற்றும் மேனாட்டு இசையிலோ அதை எங்கேனும் ஒளித்தே ஆகவேண்டும்.

1523-இல் இத்தாலியரான பியெத்ரோ ஆரோன் விளக்கிய முறையில் அந்தர காந்தாரம் 5:4 எனத் தூயதாக நிற்கும். பஞ்சமங்கள் சற்றே குறையும். பழகிய சில ஸ்தானங்களில் இது தேனாக இனிக்கும். ஆனால் ஒரு பஞ்சமம் மட்டும் ஊளையிடும். அதற்கு ஓநாய் என்றே பெயரிட்டனர்! ஜெர்மனியரான வெர்க்மைஸ்டர் 1691-இல் அந்த ஓநாயைப் பல பஞ்சமங்களுக்குப் பங்கிட்டு அடக்கும் வழிகளை வெளியிட்டார். எல்லா ஸ்தானங்களிலும் வாசிக்கலாம். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவை உண்டு. 1722-இல் பாஹ் 24 ஸ்தானங்களுக்கும் உருப்படிகள் தொகுத்தது சமச் சுருதியை நிலைநாட்டவே என்பார் உளர். அதற்குச் சான்றில்லை, எம்முறையில் சுருதி கூட்டுவது என்று அவர் எழுதி வைக்கவில்லை.

சமச் சுருதியின் கணக்கோ புதிதன்று. சீனத்து மிங் அரசகுலத்தவரான சூ ஸாய்யூ அதனை 1584-இலேயே கணித்துவிட்டார். கணக்கைச் செவியால் தந்தியில் ஏற்றுவதே அரிதாயிற்று. 1885-இல் லண்டனில் அலெக்ஸாண்டர் எல்லிஸ், தேர்ந்த கைகள் சுருதி கூட்டிய பியானோக்களை அளந்தபோதுகூடச் சிறு விலகல்கள் தென்பட்டன. இரு ஸ்வரங்கள் கலக்கையில் எழும் விம்மல்களை எண்ணிச் சரிபார்க்கும் வழியை வில்லியம் பிரெய்ட் ஒயிட் 1917-இல் நூலாக விளக்கினார். சமச் சுருதியில் பஞ்சமத்தின் பழுது செவிக்குப் புலப்படாத அளவு. அந்தர காந்தாரமோ அரைச்சுரத்தில் ஏழிலொரு பங்கு உயர்ந்து நிற்கும். பிறந்தது முதல் கேட்டுப் பழகியவர்கள் அதையே தூயதென்று கொள்கிறார்கள்.

ஆகவே இன்று மோட்ஸார்ட்டை வாசிக்க வருபவருக்கு உண்மையான தேர்வொன்று உண்டு. அவர் காலத்துச் செவி சமனற்ற சுருதிகளில் வளர்ந்தது. ஆனால் அதே மாலையில் டெபுஸ்ஸியும் இருந்தால்? முழுச்சுரங்களையே அடுக்கி ஸ்தாயியை ஆறு சம கூறாக்கும் அவரது இசை சமச் சுருதியையே வேண்டுகிறது. 200-க்கு மேற்பட்ட தந்திகளை இடைவேளையில் மாற்றிக் கூட்ட இயலாது. ஒளியலைகளை ஆராய்ந்த தாமஸ் யங் 1800-இல் வெளியிட்ட மென்மையான சமனற்ற முறை, மோட்ஸார்ட் மட்டுமே உள்ள மாலைக்கு என் செவிக்கு உகந்தது. டெபுஸ்ஸியும் சேர்ந்தால் சமச் சுருதிக்கே நான் இணங்குவேன், சற்று மனக்குறையோடு.