படிப்புக்குப் படியளந்தவர்கள்

ஆரணிக்கும் போளூருக்கும் இடையிலுள்ள திருமலைக்கு வருகிறவர்கள் குந்தவை ஜினாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமானது வந்தவாசிப் பக்கத்து வேடலிலுள்ள சமணக் கல்வெட்டு. ஒன்பதாம் நூற்றாண்டு, முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. கனகவீரக் குரத்தியார் என்ற ஆசிரியை. 500 பிள்ளைகள், 400 தவப்பெண்கள். அவர்களுக்குள் பூசல் எழுந்தபோது குரத்தியாரையும் அவரது மாணவியரையும் காத்துச் சோறிட ஊரார் ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் படிக்க வேண்டுமென்றால் யாராவது படியளக்க வேண்டும் என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பட்டு நெசவு வீடுகளில் படியளந்தது பெண்பிள்ளைகளே. தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது என்று சிறுவயதில் தொடங்கும் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, கூலியும் இல்லை. சேலைக்கான கூலி தறியில் உட்காரும் ஆணின் பெயரில் வரும். பத்து வருடத் திறமைக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால்தான் வெளியே விற்கிற சான்றிதழுக்கு இங்கே அத்தனை கிராக்கி.

முதலில் தட்டச்சு நிலையங்கள் வந்தன. மாதக் கட்டணம் வாங்கும் தனியார் கடைகள்தான். ஆனால் தேர்வு நடத்தியது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். லோயர், ஹையர் தேறியவளின் காகிதத்தை அரசு அலுவலகம் மதித்தது. கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டைப் பற்றி நம் பெண் கல்வி வரலாறுகள் ஏனோ அதிகம் பேசுவதில்லை. பின்னால் வந்த பல கணினி மையங்களிலும் ‘நர்சிங்’ பள்ளிகளிலும் பணம் வாங்கியவரே சான்றிதழும் அச்சடித்தார். அப்படியொன்றில் நான் ஒரு வருடம் படிக்க, அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. செவிலியர் மன்றம் அந்தப் படிப்பை ஏற்காது என்பது வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் இதே வணிகம் அரசுக் கடனை நம்பிக் கொழுத்தது. கொரிந்தியன் கல்லூரிகள் 2015இல் மூடப்பட்டன. அங்கே படித்த சுமார் 5,60,000 பேரின் கடனை 2022இல் அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அடகுக் கடையில் அப்படி யார் தள்ளுபடி செய்வார்கள்?

இதற்கு மாற்றாக வந்தது சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கியது. இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ் இந்த முறையைப் பரவலாக்கினார். படிப்பை இடையில் விட்டவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இருக்கிற கட்டடம், பக்கத்து நிறுவனத்தில் பயிற்சி என்று செலவைக் குறைத்தார்கள். பெண்கள் திரளாக வந்தார்கள். சிக்கல் அங்கீகாரத்தில்தான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டம் சில ஆண்டுகளிலேயே நின்றது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டம் கொண்டுவந்தது.

கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் பெண்களுக்குக் காத்திருந்தவை தையல், மழலையர் பள்ளி, நோயாளிப் பராமரிப்பு. வீட்டில் சும்மா செய்கிற வேலைதானே என்று கூலி குறைக்கப்பட்ட தொழில்கள். வகுப்புக்குப் போகும் பெண்ணின் இடத்தில் தங்கையோ அம்மாவோ தார் சுற்றுகிறார்கள். அந்த உழைப்பு எந்தக் கல்லூரியின் செலவுக் கணக்கிலும் ஏறவில்லை. கட்டணச் சலுகையோடு நிற்காமல், தார் சுற்ற வெளியாள் வைத்தால் ஆகும் கூலியையாவது மாதாமாதம் அவள் கையில் உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும்.