கெர்னல் மாட்யூல் ஏற்றம்

கெர்னல் மாட்யூல் ஏற்றம் என்பது இயங்குதளத்தின் கருவான கெர்னலோடு கூடுதல் நிரல் துண்டுகளைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்ப்பது. கலைச்சொல் ஆர்வலர்கள் கெர்னலைக் 'கருனி' என்பர். பழுது பார்க்கும் மேசைக்கு அந்தச் சொல் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே சொல்லப்படுவது லினக்ஸில், அதிலும் டெபியன் வழிவந்த வெளியீடுகளில் உள்ள முறை. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அந்த வழியினதே. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அதை அரசுப் பள்ளி மாணவர்களிடமும் கொண்டு சேர்த்தது.

பெரும்பாலான கணினிகளில் இதற்காக யாரும் எதையும் எழுதிவைக்க வேண்டியதில்லை. வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலில் புழங்கும் மின்னணுத் தராசை எடுத்துக்கொள்வோம். இத்தகைய தராசுகள் பல, சீரியல் போர்ட் வழியே பேசுபவை. இன்றைய கணினிகள் பலவற்றில் அந்தப் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றி கேபிள்தான் கைகொடுக்கிறது. கேபிளைச் செருகியதும் அதன் சிப் தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. கெர்னல் அதை யுடெவ் என்ற சேவைக்கு அறிவிக்க, மாட்யூல் ஏற்றும் கருவியான மாட்ப்ரோப்பின் முறையிலேயே யுடெவ் மாட்யூலைத் தேடுகிறது. எந்த எண்ணுக்கு எந்த மாட்யூல் என்ற பட்டியலை டெப்மாட் என்ற கருவி முன்பே தயாரித்து வைத்திருக்கும். அதைப் பார்த்து யுடெவ் உரிய மாட்யூலையும், அது சார்ந்திருக்கும் பிற மாட்யூல்களையும் ஏற்றுகிறது. மலிவான கேபிள்களில் பரவலாக உள்ள சிஎச்340 சிப்புக்கான மாட்யூலின் பெயர் சிஎச்341. இந்த ஓரெண் வேறுபாட்டைக் கண்டு பிழை என்று நினைப்பவர் உண்டு, பிழையில்லை.

எந்தச் சாதனமும் தூண்டாமல் ஒரு மாட்யூல் தொடக்கத்திலேயே வேண்டுமானால் ஈடிசி அடைவின் 'மாட்யூல்ஸ்' கோப்பில் அதன் பெயரை ஒரு வரியாக எழுதினால் போதும். ஏற்றும்போது தரவேண்டிய அளவுருக்கள் 'மாட்ப்ரோப்.டி' அடைவில் இடம்பெறும். அங்கே '.கான்ஃப்' என்று முடியாத கோப்பு படிக்கப்படுவதில்லை. கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டுவிட்ட பகுதிக்கு இந்தக் கோப்புகள் செல்லாது. அதற்கான அளவுருவைப் பூட் வரியில்தான் தரவேண்டும்.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 'பிளாக்லிஸ்ட்' கட்டளை. ஒரே பிராட்காம் வைஃபை சிப்புக்கு பி43, டபிள்யூஎல் என இரு மாட்யூல்கள் உரிமை கோரும்போது ஒன்றை விலக்க இது பயன்படுகிறது. ஆனால் அது தடுப்பது சாதன எண்ணைக் கண்டு தானாக ஏறுவதை மட்டுமே. வேறொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தாலோ, நிர்வாகி பெயர் சொல்லி அழைத்தாலோ அது ஏறிவிடும். மாட்ப்ரோப் வழியை முற்றாக அடைக்க, அந்த மாட்யூலுக்கு 'இன்ஸ்டால்' வரி எழுதி, ஏற்றுவதற்குப் பதில் 'ஃபால்ஸ்' நிரலை ஓடச் செய்ய வேண்டும். இதற்குப் பிறகும் மாட்யூல் தலைகாட்டினால் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தைச் சந்தேகிக்கலாம். வட்டு திறக்கும் முன்பே ஏறும் மாட்யூல்கள் அந்தப் படிமத்திலிருந்து வருகின்றன. அதைப் புதுப்பிக்காதவரை பழைய அமைப்பே நீடிக்கும்.

செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் இன்னொரு தடை உண்டு: நம்பப்பட்ட கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்க மறுக்கும்.

எல்லாக் கோளாறுக்கும் மாட்யூல் பொறுப்பல்ல. உபுண்டு 22.04இல் சிஎச்340 கேபிளைச் செருகினால் மாட்யூல் முறையாக ஏறும். ஆனால் சீரியல் போர்ட் தோன்றிய வேகத்தில் மறையும். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் சேவை, அதே எண்ணைக் கொண்ட ஒரு பிரெயில் கருவி என்று கேபிளை எண்ணிப் பற்றிக்கொள்வதே காரணம். பிரெயில் கருவி பயன்படுத்தாத கணினியில் அந்தச் சேவையை நீக்கினால் போர்ட் நிலைத்து நிற்கும். மாட்யூல் கோப்புகளில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.