பெயர் மட்டும் எஞ்சிய விலங்கு

மைசூர் விலங்குக்காட்சிச் சாலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நாம், நெடுங்கழுத்துடைய ஆப்பிரிக்க விலங்கொன்றைச் சுட்டி, 'அதோ, ஒட்டகச்சிவிங்கி' என்கிறோம். ஒட்டகம் எதுவெனக் குழந்தை அறியும். 'சிவிங்கி யாது?' என்று அது வினவினால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்?

சிவிங்கி நம் நாட்டு வேட்டைப்புலி. சிறுத்தையினும் மெலிந்த உடலும், நீண்ட கால்களும், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த் தடம்போல் இறங்கும் கருங்கோடும் உடையது. விரைவில் அதனை வெல்லும் நிலவிலங்கு வேறில்லை. எளிதிற் பழகும் இயல்பினதாதலின், அரசர்கள் அதனைக் கண்கட்டி வண்டியில் ஏற்றிச்சென்று, மான்கூட்டத்தைக் கண்டதும் கட்டவிழ்த்து ஏவினர். அக்பர் தம் வாழ்நாளில் 9,000 சிவிங்கிகளை வைத்திருந்தார் என்பர். சென்னையில் ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகட் என்பார் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைப் பரிசளித்தார். 1764இல் வின்ட்சரில் கலைமான் ஒன்றின்மீது அதனை ஏவியபோது, மான் எதிர்த்து நின்று விரட்டிவிட்டதாம்! அச்சிவிங்கியை இந்தியப் பணியாளர் இருவருடன் ஸ்டப்ஸ் என்னும் ஓவியர் தீட்டிய படம் இன்றும் மான்செஸ்டர் நகரில் உள்ளது.

இத்துணைப் போற்றப்பட்ட விலங்கு அழிந்தது ஏன்? போற்றப்பட்ட முறையே ஒரு காரணம் என்போம். சிறைப்பட்ட சிவிங்கி குட்டி ஈனுவது அரிதினும் அரிது. ஜஹாங்கீர் காலத்தில், 1613இல், ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றது பெருவியப்பாகக் குறிக்கப்பட்டது. அடுத்து அத்தகைய ஈற்று 1956இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில்தான் நிகழ்ந்தது. வேட்டைத் தொழிலைத் தாயிடமே குட்டி கற்குமாதலின், பிடிப்போரும் வளர்ந்த விலங்குகளையே நாடினர். ஆகவே, அரண்மனை சேர்ந்த ஒவ்வொரு சிவிங்கியும் வெளியில் ஒரு குடும்பத்தின் இழப்பாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் அதனைக் கொன்றோர்க்கு வெகுமதியும் வழங்கப்பட்டது. புல்வெளிகள் கழனிகளாயின; அதன் இரையாகிய வெளிமான்களும் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோலாப்பூர், பாவநகர் மன்னர்கள் வேட்டைக்கென ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிகளை வரவழைக்கும் நிலை வந்தது. அவ்வறிகுறியைக் கண்டும் எவரும் விழித்திலர்.

1947இல், இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா நாட்டு மன்னர், ஓர் இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். ஐயத்திற்கு இடமின்றிப் பதிவான இந்தியச் சிவிங்கிகளுள் அவையே இறுதியானவை. 1952இல் மைசூர் மன்னர் ஜயசாமராஜேந்திர உடையாரைத் தலைவராகக் கொண்ட வனவிலங்கு வாரியம் மைசூரில் முதன்முறையாகக் கூடியது. சிவிங்கியைக் காக்கத் தனிக்கவனம் வேண்டும் என்ற குரல் அங்கே எழுந்தது. அவ்வாண்டிலேயே அவ்வினம் இந்நாட்டில் அற்றதாக அறிவிக்கப்பட்டது. மருத்துவர் வந்தபோது நோயாளி இல்லை!

2022இல் நமீபியாவிலிருந்து எட்டும், 2023இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் கூனோ காட்டிற்குக் கொணரப்பட்டன. குட்டிகளும் பிறந்துள்ளன. மகிழ்ச்சியே! எனினும் அவை ஆப்பிரிக்க மரபின. நம் ஆசிய மரபினதாய் எஞ்சியவை ஈரானில் உள்ள மிகச் சிலவே.

பழங்கதை பேசி அமைவதோ நம் கடன்? இக்கருநாடகத்தில், பல்லாரி மாவட்டத்துச் சிருகுப்பாப் பக்கத்து வெளிகளில், கானமயில் என்னும் பெரும்பறவை விரல்விட்டு எண்ணும் அளவினதாய் இன்றும் உயிர்வாழ்கிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி நாட்டுப் பறவையாக்க விரும்பியது இதனையே; 1963இல் அச்சிறப்பு மயிலுக்குச் சென்றது. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு முட்டையே இடும் இப்பறவைக்கும் புல்வெளியே வீடு. அவ்வெளியைப் 'பாழ்நிலம்' என்றே நம் ஏடுகள் எழுதிவந்துள்ளன. வானில் குறுக்கிடும் மின்கம்பிகளும் அதற்குக் கூற்றுவனாகின்றன.

ஓர் இனம் மறைந்தபின் சொல்லும் பொருளிழந்து, பிறிதொரு விலங்கின் பெயரில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. கானமயில் என்னும் சொல்லுக்கும் அந்நிலை வாராது காப்போமாக.