படிப்பதும் வாசிப்பதும்

தங்கை மகனின் 9ஆவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம். என்னை வாசகனாக்கிய நூல் அது. அவனையும் ஆக்கிவிடும் என்று எளிதாக நம்பிவிட்டேன். ஆறு மாதம் கழித்துப் போனபோது புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. 17ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டு. "எதுவரைக்கும் வந்திருக்கே?" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, இத முடிச்சா கேள்வி கேப்பீங்களா?" என்றான்.

தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசிக்க மறுக்கும் குழந்தைகளைப் பற்றி நண்பர்களோடு எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். தொலைக்காட்சியைக் குறை சொன்னோம், பிறகு கைபேசியைக் குறை சொன்னோம். இந்தச் சிறுவன் சொன்ன காரணத்தை எங்களில் எவரும் சொன்னதில்லை. அவன் அஞ்சியது புத்தகத்தை அன்று. புத்தகத்தின் முடிவில் காத்திருக்கும் பெரியவரை. அந்த அச்சத்துக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. அதை மீறிய வேறொரு வரலாறும் உண்டு. இரண்டையும் நினைவுபடுத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். கதைப் புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கும் தேர்வுக்குத் தயாராவதற்கும் நம் வீடுகளில் புழங்குவது 'படி' என்ற ஒரே சொல்தான். "போய்ப் படி" என்று ஒரு தாய் சொன்னால் அவள் கதைப் புத்தகத்தைக் குறிப்பிடவில்லை என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். 'வாசி' என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது. வீணையையும் நாதஸ்வரத்தையும் வாசிப்பது போலவே நூலையும் வாசிக்கலாம். ஆனால் தமிழகத்தின் பெரும்பாலான வீடுகளில் அச்சொல் எழுத்துத் தமிழோடு நின்றுவிட்டது. குழந்தையின் காதில் விழுவது 'படி' மட்டுமே. அதிலும் ஏவலாக.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் படிப்பு என்பது ஒப்பித்தல். மணலில் விரலால் எழுதி, பிறகு ஓலைக்கு நகர்ந்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று மனனம் வளரும். பொருள் பெரும்பாலும் பின்னால் வரும். சிலருக்கு வராமலே போகும். உ.வே. சாமிநாதையர் (1855–1942) தம் பிள்ளைப்பருவக் கல்வியை நினைவுகூரும்போது பாடங்களோடு தண்டனைகளையும் சேர்த்தே விவரிக்கிறார். அந்த முறையை முற்றாக இகழ்வதும் நியாயமன்று. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த காலத்தில் நூலைக் காப்பாற்றும் இடம் மனித நினைவுதான். செவிக்கும் நாவுக்கும் அது தந்த பயிற்சி நமக்கு இன்று இல்லை. ஆனால் ஓலை போய்ப் பாடநூல் வந்த பிறகும், திண்ணை போய் வகுப்பறை வந்த பிறகும், ஒப்பித்தல் மட்டும் போகவில்லை. செய்யுளுக்குக் கீழே பதவுரை, பொழிப்புரை, பிறகு வினாக்கள். எழுத்து என்றால் அதன் கீழே ஒரு வினா இருக்கும் என்பது தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் அனுபவம்.

*

இந்தப் பின்னணியில்தான் 1947 ஜூலையில் வெளிவந்த 'அம்புலிமாமா'வின் இடம் விளங்குகிறது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் அதைத் தொடங்கினார்கள். பின்னர் பல இந்திய மொழிகளுக்கு அது பரவியது. கதைகளோடு ஓவியங்களும் இருந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் பக்கத்தைப் புரட்ட முடிந்தது.

அதன் புகழ்பெற்ற வேதாளக் கதைகளை நினைத்துப் பாருங்கள். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்த விதம் இரண்டு மூன்று தலைமுறைகளின் நினைவில் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சிதறும். ஆனால் சிதறுவது விக்கிரமனின் தலை, வாசிக்கும் பிள்ளையின் தலை அன்று! பிள்ளை தனக்குத் தோன்றிய விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம், தவறினால் கேட்பாரில்லை. அரசன் சரியாகச் சொன்னாலோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும், அடுத்த மாதம் இன்னொரு கதை வரும். வகுப்பறை அச்சமாக்கி வைத்திருந்த கேள்வியை அப்பத்திரிகை விளையாட்டாகத் திருப்பித் தந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழங்கதையின் அமைப்பிலேயே அந்தக் கருணை இருந்தது.

வங்கி ஊழியராயிருந்த அழ. வள்ளியப்பா (1922–1989) வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். குழந்தைக்கு எழுத்து வரும் முன்னே ஓசை வந்துவிடுகிறது என்பதை அறிந்த கவிஞர் அவர். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். பிள்ளைகளுக்கு எழுதுவது இளக்காரமான வேலை அன்று என்று எழுத்தாளர்களையே நம்பவைக்க வேண்டியிருந்த காலம் அது.

*

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கப் பள்ளிகளில் 1930களிலிருந்து டிக், ஜேன் என்ற இரண்டு நல்ல பிள்ளைகள் வரும் பாடநூல்கள் ஆட்சி செய்தன. அவர்கள் ஓடுவார்கள், நாயைப் பார்ப்பார்கள், மறுபடி ஓடுவார்கள். பிள்ளைகள் ஏன் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று ஆராய்ந்து நாவலாசிரியர் ஜான் ஹெர்ஸி 1954இல் 'லைஃப்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாடநூல்கள் சப்பென்று இருப்பதை ஒரு காரணமாகச் சுட்டி, டாக்டர் ஸூஸ் போன்றவர்களின் கற்பனை அங்கே ஏன் நுழையக்கூடாது என்று கேட்டார். அதன் தொடர்ச்சியாக வில்லியம் ஸ்பால்டிங் என்ற பதிப்பாளர் ஸூஸிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து, முதல் வகுப்புப் பிள்ளை கீழே வைக்க முடியாத கதை ஒன்றை அதற்குள் எழுதித் தரச் சொன்னார். பட்டியலோடு மல்லாடி ஸூஸ் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது. தொப்பி போட்ட பூனையொன்று, தாய் வெளியே போயிருக்கும் வீட்டில் புகுந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கும் கதை. அதிலுள்ள வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. நற்பிள்ளைகளைக் காட்டி வளர்க்க முடியாத ஆர்வத்தை ஒரு போக்கிரிப் பூனை வளர்த்தது. இறுதியில் தாய் திரும்பி வருகிறாள். பகலில் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் பிள்ளைகள் நிற்பதோடு கதை முடிகிறது. அங்கும் பெரியவரின் கேள்வி! அதற்கு விடை சொல்ல வேண்டிய கட்டாயத்தை ஸூஸ் பிள்ளைகள் மேல் சுமத்தவில்லை.

நம்மூரில் அந்தப் பூனையின் வேலையைச் செய்தவன் இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்தவன். பிரிட்டிஷ் படக்கதை ஒன்றின் நாயகன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். அதை யாரும் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்ததில்லை. பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்து வாசித்தோம், ஆசிரியர்கள் பறித்தார்கள், வீட்டில் கிழித்தார்கள். ஆனால் ஒரு பிரதி பத்துக் கை மாறியது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறிய என் வகுப்புத் தோழன் ஒருவன், வசனக் கட்டங்களை மட்டும் யார் உதவியுமின்றி வாசித்து முடித்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு 1984இல் வந்த 'பூந்தளிர்' இதழும் அடுத்த தலைமுறைக்கு இவ்வாறே அமைந்தது.

*

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக இன்னொன்று வேண்டும்: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. அவற்றில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டென்றும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டென்றும் கூறுகின்றன. அலமாரிகளைப் பூட்டாமல் திறந்து வைத்து வாசகரை உள்ளே விடவேண்டும் என்பதற்காக வாதாடியவர் அவர். மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியதும் அதே 1931இல்தான். ரங்கநாதனே அதைத் தொடங்கி வைத்தார். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதற்கும் பின்னால் இருந்தவர் அவரே.

அந்தச் சட்டத்தின் பயன் எனக்குக் கிடைத்தது ஓர் ஓட்டுக் கட்டடத்தில் இயங்கிய கிளை நூலகத்தில். அங்கிருந்த நூலகர் அதிகம் பேசமாட்டார். நான் எதை எடுத்து நீட்டினாலும் முத்திரை குத்துவார். பாதியில் திருப்பிக் கொடுத்தாலும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் எனக்குச் செய்த பேருதவி அதுதான் என்பது இப்போது புரிகிறது. 'பொன்னியின் செல்வ'னையும் அங்கே நானாகத்தான் எடுத்தேன். என் மருமகனுக்கு நான் பரிசளித்தது நூலை மட்டுமே. அதைக் கண்டெடுத்த மகிழ்ச்சியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிள்ளையின் போக்கில் விட்டால் படக்கதையோடு நின்றுவிடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். சிலர் நின்றுவிடத்தான் செய்வார்கள். என் வகுப்புத் தோழர்களில் மாயாவிக்கு அப்பால் போகாதவர்களே அதிகம். ஆனால் மௌனியிடமும் அசோகமித்திரனிடமும் போய்ச் சேர்ந்த நாங்கள் சிலரும் மாயாவி வழியாகத்தான் போனோம். மேலும், இன்றைய கைபேசி பிள்ளையிடம் எதையும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. அதனோடு போட்டியிட வேண்டிய புத்தகத்தின் முதுகில் மட்டும் நாம் வினாத்தாளைக் கட்டி அனுப்புகிறோம். 2023இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சிறு சிறு கதை நூல்களைக் கொண்டு வந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, அதன் பெயரில் 'படி' இல்லாமல் 'வாசிப்பு' இருந்ததற்காகவும்தான்.

*

அன்று மருமகனிடம், கேள்வி எதுவும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, 'பொன்னியின் செல்வ'னை என் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த முறை போனபோது மெல்லிய வேதாளக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனேன், அவனுக்கென்று சொல்லாமல். இரவில் உரக்க வாசித்தேன். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனேன். இரண்டு இரவு பொறுத்தான். மூன்றாம் நாள் காலையில் புத்தகம் நான் வைத்த இடத்தில் இல்லை.

இதைப் பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். அந்த ஒரே புத்தகத்தைத்தான் அவன் திரும்பத் திரும்ப வாசிக்கிறான் என்கிறாள் தங்கை. சென்ற வாரம் தொலைபேசியில் அவனே அழைத்தான். ஒரு கதையை முழுவதும் சொல்லி, கடைசியில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க மாமா, யார் மேல தப்பு?" என்றான். யோசித்து ஒரு விடை சொன்னேன். தவறான விடை. அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.