குடியுரிமையும் மனித வளமும்: இலங்கை மலையகத் தமிழர் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வருவாய் குறைந்த நாடும் கல்வியிலும் ஆயுட்காலத்திலும் உயரக்கூடும் என்பதற்குப் பொருளியலாளர் பலரும் இலங்கையைச் சான்று காட்டுவர். 1931இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வழங்கப்பட்ட வாக்குரிமையும், 1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வியும் இவ்வுயர்வுக்கு அடித்தளமாயின. வாக்குரிமை பெற்ற மக்கள் பள்ளியும் மருத்துவமனையும் கேட்டுப் பெற்றனர்.

குடியுரிமை இழப்பும் அதன் விளைவும்

இந்நலத்திட்டங்களுக்கு வேண்டிய வருவாயைப் பெரிதும் ஈட்டித் தந்தது தேயிலை. அதனை விளைவித்தோர் தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய தோட்டத் தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஓரிடமும் பெறவில்லை. கேட்டுப் பெறும் வழி இவ்வாறு அடைபட்டது. 1970களில் அரசு ஏற்கத் தொடங்கும்வரை தோட்டப் பள்ளிகள் தோட்ட நிர்வாகங்களிடமே இருந்தன. அவற்றுள் பல தொடக்க வகுப்புகளோடு நின்றன. அதற்குமேல் பயில வழியற்ற பிள்ளைகள் பெற்றோரைப் போலவே கொழுந்து பறிக்கச் சென்றனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

முடிவுரை

நாடுகளை ஒப்பிடும் சராசரி எண்களில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. பள்ளியும் மருத்துவமனையும் மனித வளத்தை உருவாக்குகின்றன. அவை யாரைச் சென்றடையும் என்பதைக் குடியுரிமை தீர்மானிக்கிறது. ஆதலின், ஒரு நாட்டின் மனித வளத்தை அளக்கும் ஆய்வு, அந்நாடு யாரைக் குடிமக்களாக ஏற்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.